அப்பா எடுத்த கட்டையும் இணுவில் மிருதங்கப் பட்டறையும்

தவில் மேதை தட்சிணாமூர்த்தி பிறந்த யாழ்ப்பாணத்து இணுவிலில், காங்கேசன்துறை வீதியிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கையில், பெயர்ப்பலகை எதுவுமின்றி வீட்டு விறாந்தையிலேயே நடக்கிறது இந்தப் பட்டறை. என் மிருதங்கத்தில் வலந்தலையின், அதாவது வலப்பக்கத் தோலின், நடுவிலுள்ள கரணை என்னும் கரும்பூச்சு உதிர்ந்து, வார்கள் காய்ந்து, சாப்பு என்னும் அடியை அடித்தால் வெறும் ஓசைதான் கேட்கும் என்ற நிலை இருந்தது. வேறொரு கடையில் கழற்றியும் பாராமல் புதிது வாங்கச் சொல்லிவிட்டார்கள். இந்தப் பட்டறைக்காரரோ மூட்டுகள் எனப்படும் தோல்முகங்களை அவிழ்த்துக் கட்டையின் உட்புறத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, நல்லா விளைஞ்ச பலா, ஒரு உளுப்பும் இல்லை. எடுத்தவர் மரம் தெரிஞ்ச ஆள்" என்றார்.

எடுத்தவர் என் அப்பா. தச்சுத் தொழிலாளியான அவருக்கு ஆதிதாளமும் ரூபகமும் ஒன்றுதான். ஆனால் எனக்கு மிருதங்கம் வாங்கப் போனபோது, நன்கு காயாத பலா என்று சொல்லி முதலில் காட்டிய கட்டையைத் தள்ளிவைத்துவிட்டு, விலை கூடிய இதை எடுத்தார். அதற்காக அந்த வருடம் வாங்கவிருந்த மின்சாரச் சீவுளியை வேண்டாமென்று விட்டு, கைச் சீவுளியிலேயே கதவுகளை இழைத்தார். வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைகளுக்கு என்னைச் சைக்கிளில் ஏற்றிச் சென்று, நான் வெளியே வரும்வரை மர நிழலில் காத்திருந்தவரும் அவரே. இதற்கெல்லாம் அவருக்கு நான் வாய்திறந்து நன்றி சொன்னதில்லை. எங்கள் வீடுகளில் அப்படிச் சொல்லும் வழக்கமும் குறைவு.

வேலையைப் பற்றிக் குறை சொல்ல இடமில்லை. சோற்றையும் கரிய கற்பொடியையும் பிசைந்து சிறிது சிறிதாக இட்டு, ஒவ்வொரு படையும் காயும்வரை வழுவழுப்பான கல்லால் தேய்த்து, கரணையை வட்டம் பிசகாமல் ஏற்றியிருக்கிறார். தேய்ப்பில் விழும் மயிரிழை வெடிப்புகள்தான் நாதத்தைத் திறக்கின்றன என்பதால், இதில் அவசரப்படுபவரின் மூட்டு நெடுநாள் பேசாது. தோல்களுக்கிடையே செருகிய குச்சிகளும் சீராக இருப்பதால், இப்போது சாப்பு கணீரென்று நின்று ஒலிக்கிறது. வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அப்பா தோலைப் பார்க்கவில்லை. கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, புதிய கீறல் ஏதும் இல்லையென்று உறுதிசெய்துகொண்டார்.

குறைகளும் உண்டு. சொன்ன நாளில் வேலை முடியாது, தொலைபேசியை எடுப்பதில்லை, பற்றுச்சீட்டும் கிடையாது. ஆனால் முதலில் சொன்ன கூலிக்கு மேல் ஒரு சதமும் கேட்கவில்லை. பிள்ளைகளைக் கூட்டிவரும் தகப்பன்மாரிடம், பழைய கட்டை நன்றாக இருந்தால் புதியதை விற்கவும் முயல்வதில்லை. என்னைக் கேட்டால், யாழ்ப்பாணத்தில் பரிந்துரைக்க இது ஒன்றே போதுமான காரணம். நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாள்களும் தவில்கள் குவிந்துவிடும் என்பதால், பரீட்சைக்கு ஆயத்தமாகும் பிள்ளைகளின் மிருதங்கத்தைக் கொடியேற்றத்துக்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.