இடுப்பளவுத் தண்ணீரில் எது கைகொடுக்கும்? வாத்து வேட்டைக் கருவிகள், பழுதாகும் விதத்தில் ஓர் ஒப்பீடு

கடையில் கருவி வாங்கும்போது எது நன்றாக வேலை செய்யும் என்று கேட்கிறோம். அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்து ஸ்டட்கார்ட் பக்கம், ஓக் மரங்களுக்கு நடுவே தேங்கி நிற்கும் ஜனவரித் தண்ணீரில், விடிவதற்கு அரை மணி நேரம் முன்பு நிற்பவருக்குக் கவலை வேறு. இது நின்றுபோனால் விரைத்த விரல்களோடு இங்கேயே சரிசெய்ய முடியுமா? இந்த அலசல் அந்த ஒரு கேள்வியை வைத்துத்தான்.

இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்த வேட்டைக்கு இடமில்லை. இங்கே பேசுவது அமெரிக்காவில் மாநில உரிமமும், 1934 முதல் இருந்துவரும் ஃபெடரல் டக் ஸ்டாம்பும் (நீர்ப்பறவை வேட்டைக்கான மத்திய அரசு முத்திரை) வாங்கி, பருவத்துக்குள் போகிறவர்களுக்கு.

துப்பாக்கி: பம்ப், இனர்ஷியா, கேஸ்

மூன்றுமே 12 கேஜ் (குழலின் உள்ளளவு) ஷாட்கன்கள்தான். சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூட்டை வெளியே தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றுவது யார் என்பதில்தான் வேறுபாடு. பம்ப் வகையில் அது உங்கள் கை. இனர்ஷியா வகையில் துப்பாக்கியின் பின்னுதைப்பும், குழலின் பின்பக்கத்தை மூடும் போல்ட்டுக்குள் இருக்கும் ஒரு கெட்டியான ஸ்பிரிங்கும். கேஸ் வகையில் குழலிலுள்ள சிறு துளை வழியே பிரியும் வெடிவாயு ஒரு பிஸ்டனைத் தள்ளுகிறது. எது எங்கே மக்கர் செய்யும் என்பது இந்த ஒரு வேறுபாட்டிலேயே அடங்கிவிட்டது.

பம்ப்பில் அடிக்கடி நடப்பது, அவசரத்தில் முன்பிடியை முழுதாகப் பின்னால் இழுக்காமல் பாதியில் தள்ளிவிடுவது. பழைய கூடு வெளியேறாது, அல்லது புதியது வராது. இது கையின் குற்றம். மறுபடி ஒருமுறை முழுவீச்சில் இழுத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ரெமிங்டன் 870 வந்தது 1950-இல். 2009-இல் ஒரு கோடியாவது துப்பாக்கி தயாரானது. அது நிலைத்ததற்கு ஒரு காரணம், இரண்டு ஊசிகளைத் தட்டி எடுத்தால் விசைத் தொகுதி முழுவதும் கையோடு வந்துவிடும் என்பது. சேறு புகுந்தால் கழற்றி, அலசி, திரும்ப மாட்டலாம்.

பம்ப்பின் உண்மையான எதிரி கூடு சிக்கிக்கொள்வது. விலை குறைந்த தோட்டாக்களின் அடிமூடி, பித்தளைப் பூச்சுப் பூசிய இரும்பு. ஈரப்பையில் இரண்டு நாள் கிடந்தால் துரு ஏறும். தோட்டா அறையிலும் துரு இருந்தால், சுட்டவுடன் விரியும் அந்த இரும்பு சுவரைக் கவ்விக்கொள்ளும். தீர்வு முரட்டுத்தனமானது: சிக்கியிருப்பது சுட்ட கூடுதான் என்று உறுதி செய்துகொண்டு, குழலின் வாய் மேல்நோக்கி, யார் தலைக்கும் நேராக இல்லாமல், முன்பிடியைக் கீழ்நோக்கி இழுத்தபடியே பின்கட்டையை மரக்கட்டையிலோ படகுத் தரையிலோ ஓங்கிக் குத்த வேண்டும். சிக்கியிருப்பது சுடாத தோட்டா என்றால் இந்த வித்தை கூடவே கூடாது. தோட்டா அறையில் வெண்கலத் தூரிகையை நாலு சுற்றுச் சுற்றி எடுப்பது முதல் நாள் இரவே செய்ய வேண்டிய வேலை.

இனர்ஷியா வகை புரூனோ சிவோலானியின் வடிவமைப்பு; வாத்து வேட்டைக்காரர்களிடையே அதைப் பரப்பியது 1991-இல் வந்த பெனெல்லி சூப்பர் பிளாக் ஈகிள். வாயு உள்ளே வராததால் கரி படியாது. மழையிலும் சேற்றிலும் கேஸ் வகையைவிட நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும். ஆனால் இதற்கென்றே ஒரு நோய் உண்டு: விசையை அழுத்தினால் 'கிளிக்' என்ற ஓசை மட்டும். இருட்டில் சத்தம் வரக்கூடாதென்று போல்ட்டை மெதுவாகக் கைப்பிடித்து மூடுவார்கள். சுழன்று பூட்ட வேண்டிய போல்ட் தலை அப்போது முழுதாகச் சுழலாமல் நின்றுவிடும். போல்ட்டின் கைப்பிடி எதிலாவது இடித்தாலும் இதே கதி.

கிளிக் கேட்டதும் கை தானாகவே போல்ட்டை இழுக்கப் போகும். இழுக்காதீர்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டாவும் உண்டு. குழல்வாயை ஆளில்லாத பக்கம் நீட்டி, குறைந்தது 30 விநாடி காத்திருந்து திறக்க வேண்டும். தோட்டாவின் அடியில், ஊசி அடிக்கும் பிரைமரைப் பாருங்கள். குழி இல்லை, அல்லது லேசான தடம் மட்டும் என்றால் போல்ட் பூட்டிக்கொள்ளவில்லை. ஆழமான குழி இருந்தால் கோளாறு தோட்டாவில். முன்தடுப்பு எளிது: போல்ட்டைப் பின்னால் இழுத்து, கை எடுத்து, தானாக அறைந்து மூட விடுங்கள். ஓசை கேட்டு வாத்து ஓடும் என்ற பயம் இருந்தால், வாத்து வருவதற்கு முன்பே மூடிவிடுங்கள். அவ்வப்போது கட்டைவிரலால் கைப்பிடியை முன்னே ஒரு தள்ளு.

இனர்ஷியாவுக்கு இன்னொரு சங்கடம், துப்பாக்கி பின்னால் நகர்ந்தால்தான் அது இயங்கும். பின்கட்டையை மரத்தில் அண்டக்கொடுத்துச் சுட்டால் அடுத்த தோட்டா ஏறாமல் போகலாம். பருத்த கோட்டும் இலேசான தோட்டாவும் சேர்ந்தாலும் இதேதான். வாத்துக்கு வழக்கமான 1⅛, 1¼ அவுன்ஸ் எஃகு ரவைத் தோட்டாவுக்கு இது பிரச்சினையில்லை. பயிற்சிக்கு எறிந்து சுடும் களிமண் தட்டுக்கு வாங்கிய மிச்சத்தைப் பையில் போட்டு வருகிறவர்கள்தான் மாட்டுவார்கள். (ஈய ரவை 1991 முதல் அமெரிக்கா முழுவதும் நீர்ப்பறவை வேட்டைக்குத் தடை, களிமண் தட்டுத் தோட்டாக்களில் பெரும்பாலும் ஈயம்தான். அந்த மிச்சம் பையில் இருப்பதே குற்றம்.)

கேஸ் வகை தோளுக்கு இதமானது, இலேசான தோட்டாவையும் ஏற்கும். நோய், அழுக்கு. வெடிமருந்துக் கரியும் கெட்டி எண்ணெயும் குளிரில் கலந்து பசையாகி பிஸ்டனைப் பிடித்துக்கொள்ளும். முன்மூடியைத் திருகிக் கழற்றி, பிஸ்டனை உருவி, உலர்ந்த துணியால் துடைத்து, எண்ணெயே போடாமல் மாட்டினால் அன்றைய காலை ஓடிவிடும். ஐந்து நிமிட வேலைதான், ஆனால் தண்ணீரில் நின்றபடி செய்தால் ஏதாவது ஒரு வளையம் உள்ளே விழும். தொப்பியை மல்லாத்தி அதற்குள் விழும்படி வைத்துக் கழற்றுங்கள். ரெமிங்டன் 1100 போன்ற 1963 காலத்து வடிவமைப்புகளில் குழலின் வாயு வளையத்தருகே ஒரு ரப்பர் ஓ-ரிங் உண்டு. அது அறுந்தால் துப்பாக்கி ஒவ்வொரு முறையும் கையால் இழுத்தே சுட வேண்டியதாகிவிடும். சில ரூபாய் மதிப்புள்ள அந்த வளையம் இரண்டைப் பணப்பையில் வைத்திருப்பவர் புத்திசாலி.

தண்ணீருக்குள் முழுதாக விழுந்துவிட்டால்? பம்ப்புக்கு ஓர் அனுகூலம்: பின்கட்டைக்குள் ஒளிந்திருக்கும் ஸ்பிரிங் கிடையாது. பல செமி ஆட்டோமேட்டிக்குகளில் (இனர்ஷியா, கேஸ் இரண்டும் இந்த வகைதான்) போல்ட்டைத் திருப்பி அனுப்பும் ஸ்பிரிங் பின்கட்டைக்குள் ஒரு குழாயில் இருக்கிறது. வெளியே பளபளவென்று துடைத்து வைப்பார்கள். உள்ளே துரு ஏறி அடுத்த பருவத்தில் போல்ட் சோம்பலாக மூடும். அன்றிரவே பின்கட்டையைக் கழற்றி உலர்த்த வேண்டும். லூசியானாவின் கடலோரச் சதுப்பு போல உப்புத் தண்ணீர் என்றால், முதலில் நல்ல தண்ணீரில் அலசல்.

மூன்று வகைக்கும் பொதுவாக, வளைந்துகொடுக்க இடமில்லாத விஷயங்கள் சில. குழல்வாய் சேற்றில் குத்தினால், தோட்டாவை எடுத்துவிட்டு, குழலைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து வானத்தைப் பார்த்து முழு வட்டமும் தெரிகிறதா என்று சரிபாருங்கள். வழக்கமான 28 அங்குலக் குழலைவிட நீளமான, திருகி இணைக்கும் பித்தளைக் கம்பி கைவசம் வேண்டும். இல்லாவிட்டால் துணி சுற்றிய பச்சைக் குச்சி. சுட்டு வெளியேற்றலாம் என்று நினைத்தால் குழல் வெடிக்கும். 'புஸ்' என்று சோனியாகச் சுட்டாலும் இதே சோதனைதான், மருந்துக்கும் ரவைக்கும் நடுவே இருக்கும் வேட் உள்ளே அடைத்திருக்கலாம். 12 கேஜைவிட ஒல்லியான 20 கேஜ் தோட்டா மஞ்சள் நிறத்தில் வருவதற்குக் காரணமே, அது 12 கேஜ் குழலுக்குள் நழுவி முன்னே போய் நின்றுகொள்ளும் என்பதால்தான். பின்னால் இன்னொன்று ஏற்றிச் சுட்டால் குழல் பிளந்துவிடும்.

கழற்றி மாட்டும்போது இன்னொன்று. வாத்து வேட்டையில் துப்பாக்கி மொத்தம் 3 தோட்டாவுக்கு மேல் கொள்ளக் கூடாது. அதற்காக, தோட்டாக்கள் வரிசையாக இருக்கும் மேகசினுக்குள் ஓர் அடைப்புக் குச்சி இருக்கும். சில மாடல்களில் மூடியைத் திறந்ததும் அது வெளியே குதித்துவிடும். அதைத் திரும்பப் போட மறந்து சுட்டால், வன அதிகாரி எண்ணுவது தோட்டாவைத்தான், உங்கள் நோக்கத்தை அல்ல.

பழுதுபார்ப்பை மட்டும் வைத்துச் சொன்னால் பம்ப், பிறகு இனர்ஷியா, கடைசியில் கேஸ். தோள் வலியைக் கணக்கில் எடுத்தால் வரிசை தலைகீழாகும்.

வேடர்ஸ்: நியோப்ரீனா, மூச்சுவிடும் துணியா

மார்பு வரை வரும் நீர்க்கால்சட்டைக்கு ஆங்கிலப் பெயர் 'வேடர்ஸ்'. தமிழ்க் காதுக்கு வேட்டையாடுபவரையே குறிப்பது போல இருப்பது தற்செயல்தான்.

நியோப்ரீன் என்பது நுரை ரப்பர், 3.5 அல்லது 5 மி.மீ. தடிப்பு, சதுப்பில் முள் குத்தினாலும் தைரியமாக நிற்கும், ஓட்டை விழுந்த பிறகும் கொஞ்சம் சூடு காக்கும். ஆனால் ஓட்டையானால் களத்தில் ஒட்டுவது கிட்டத்தட்ட நடக்காது. அதன் மேல் ஒட்டியிருக்கும் துணி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஈரத்தில் பசை பிடிக்காது. அறைக்கு வந்து நன்றாகக் காயவைத்து, ஆல்கஹாலால் துடைத்து, ஓட்டையைச் சுற்றி அரை செ.மீ. தாண்டி யுரேத்தேன் பசை தடவி, இரவு முழுவதும் விட வேண்டும். மறுநாள் காலைக்குக் கிடைக்கும், அன்றைக்கு இல்லை.

மூச்சுவிடும் துணி (வியர்வை ஆவியை வெளியே விட்டு, தண்ணீரை உள்ளே விடாதது) இதற்கு நேரெதிர். மெல்லியது, கம்பிவேலியில் ஒரு உரசலுக்குக் கிழியும், கிழிந்த கணமே சில்லிடும். ஆனால் துடைத்தால் காயும். புற ஊதா ஒளியில் இறுகும் பிசின் வெயிலில் சில நிமிடத்தில் கெட்டியாகிவிடும். விடியலில் வெயிலுக்கு எங்கே போவது? சாவிக்கொத்து அளவில் புற ஊதா டார்ச் கிடைக்கிறது, பிசினோடு அதையும் கட்டிவையுங்கள். சாதாரண டக்ட் டேப் ஈரத்துணியில் பத்து நிமிடம்கூட ஒட்டியிராது.

ஓட்டையைக் கண்டுபிடிப்பதிலும் இரண்டுக்கும் வழி வேறு. மூச்சுவிடும் துணியை உட்புறம் வெளியாகத் திருப்பி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தெளித்தால் துளை இருக்கும் இடம் கரும்புள்ளியாகத் தெரியும் (பக்கத்தில் அடுப்போ சிகரெட்டோ வேண்டாம்). நியோப்ரீனுக்கு இது பலிக்காது. மேல்வாயைச் சுருட்டிக் காற்றை உள்ளே அடைத்து, சோப்புத் தண்ணீரைத் தடவி, சைக்கிள் ட்யூப் பஞ்சருக்குப் பார்ப்பது போலக் குமிழியைத் தேட வேண்டும். அதற்கும் முன்னால், உள்ளே நனைந்தது வியர்வையா என்று யோசியுங்கள். நியோப்ரீனில் அரை மைல் நடந்தால் பாதி 'ஓட்டை' அதுதான்.

உள்ளே நிரம்பிய தண்ணீர் ஆளைக் கீழே இழுக்கும் என்பார்கள். தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடையில்லை, இழுக்காது. கரையேறும்போதுதான் அந்தப் பாரம் முழுதும் காலில் தெரியும், அதற்குள் குளிர் கையைச் செயலிழக்கச் செய்திருக்கும். இடுப்பு பெல்ட்டை இறுக்கிக் கட்டுவது உள்ளே புகும் தண்ணீரைக் குறைக்கத்தான். எந்த வகை வாங்கினாலும் பெல்ட்டைப் படகில் விட்டுவிட்டு இறங்குவது மடத்தனம். உறையும் தண்ணீரில் நிற்கப்போகிறவர் நியோப்ரீனை எடுக்கலாம், இரண்டாவது ஜோடி இருந்தால்.

ஊதுகுழல்: ஒற்றை நாக்கு, இரட்டை நாக்கு

நாதஸ்வரத்துக்குச் சீவாளி எப்படியோ, வாத்துக் குரலில் அழைக்கும் ஊதுகுழலுக்கு மெல்லிய பிளாஸ்டிக் நாக்கு அப்படி. ஸ்டட்கார்டில் 1936 முதல் நடக்கும் வாத்து அழைப்பு உலகப் போட்டியில் காதில் விழுவது பெரும்பாலும் ஒற்றை நாக்கு, வீச்சு அதிகம். ஆனால் எச்சில் பட்டால் அடியிலுள்ள பலகையோடு ஒட்டிக்கொண்டு ஊமையாகும், உறைந்தால் இன்னும் மோசம். இரட்டை நாக்கு அவ்வளவு எளிதில் ஒட்டாது, சத்தமும் கொஞ்சம் அடங்கியது. பழுது வந்தால் ஒற்றை நாக்குதான் சுலபம்: நாக்குக்கும் பலகைக்கும் நடுவே ஒரு டாலர் நோட்டை நுழைத்து இழுத்தால் ஈரமும் குப்பையும் வந்துவிடும். இரட்டையில் இரண்டு நாக்குக்கும் நடுவே துடைக்க வேண்டும், விலகினால் சுருதி போய்விடும். எதையும் உருவும் முன்னால் கார்க் ஆப்பும் நாக்கும் உட்காரும் இடத்தில் பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். உபரிச் சீவாளிகளைக் கயிற்றில் தொங்கவிடும் நாதஸ்வரக்காரர் போல, உபரி ஊதுகுழல் ஒன்றைக் கோட்டுக்குள், உடம்புச் சூட்டில் வைத்திருங்கள்.

பொம்மை வாத்து அசைய

வாத்துகளை ஈர்க்க வைக்கும் பொம்மைகளில், மோட்டாரில் இறக்கை சுழலும் வகை குளிரில் பேட்டரி இறங்கி நின்றுவிடும். கயிறு கட்டி இழுக்கும் மூன்று நான்கு பொம்மைகளுக்கு அந்தக் கவலை இல்லை. சிக்கினால் அவிழ்க்க வேண்டியதுதான். இனத்தைக் காட்டி இனத்தைப் பிடிக்க வைக்கும் விலங்குக்கும் பறவைக்கும் பழந்தமிழில் 'பார்வை' என்றே பெயர். அதற்கும் பேட்டரி தேவைப்படவில்லை.

படகு: அவுட்போர்டா, சேற்று மோட்டாரா

படகின் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு மோட்டார் தண்ணீரால் குளிர்கிறது. இலையும் சேறும் உறிஞ்சுமிடத்தை அடைத்தால், பின்னால் பீய்ச்சும் மெல்லிய நீர்த்தாரை நின்றுவிடும். உடனே அணைத்து, சல்லடையைத் துடைத்து, தாரை வரும் துளையை மெல்லிய கம்பியால் குத்துங்கள். நீள்தண்டுச் சேற்று மோட்டார் காற்றால் குளிர்வது, அதனால் இந்தத் தொல்லை இல்லை; பெல்ட் வைத்த வகைகளில் மட்டும் உபரி பெல்ட் தேவை. சிறிய அவுட்போர்டுகளின் விசிறியில் ஒரு ஷியர் பின் இருக்கும். கட்டையில் மோதினால் அது உடையும், என்ஜின் இரையும், படகு நகராது. அது உடைவதற்கென்றே வைத்த மென்மையான ஊசி. கையில் கிடைத்த எஃகு ஆணியைச் செருகினால் அடுத்த மோதலில் உடைவது கியர். சரியான அளவில் இரண்டு பின், கூடவே ஒரு காட்டர் பின் (முனையை வளைத்துப் பூட்டும் கம்பி), ஒரு இடுக்கி. மோட்டார் மூடிக்குள்ளேயே டேப் போட்டு ஒட்டிவையுங்கள்.