மீல் மேக்கர்: தசை ஏற்றும் வயசுக்கு நல்ல சரக்கு

உலர்ந்த மீல் மேக்கர் 100 கிராமில் சுமார் 52 கிராம் புரதம். கொழுப்பு மிகச் சொற்பம். முட்டை ஒன்றில் புரதம் 6 கிராம்தான். பதினாறு வயதுப் பிள்ளைக்கு நாளைக்கு உலர்ந்த மீல் மேக்கர் 40 கிராம் தாராளம்.

கொதிக்கும் உப்புநீரில் 10 நிமிடம் ஊறட்டும். பச்சைத் தண்ணீரில் இரண்டு தரம் அலசி, உள்ளங்கையில் வைத்து நுரைத்தண்ணீர் நிற்கும்வரை ஒட்டப் பிழியுங்கள். இதில் சோம்பல்பட்டால் வாடை போகாது, மசாலாவும் உள்ளே இறங்காது. பொரிக்கவே வேண்டாம்; பஞ்சு மாதிரி எண்ணெயைக் குடித்து, தொப்பை போடாமல் தசை ஏற்றும் கணக்கையே கெடுத்துவிடும். இரண்டு டீஸ்பூன் எண்ணெயில் வெங்காயம், மிளகுத்தூள் போட்டுப் பிரட்டினால் அருமை.

கூடவே சோறு கட்டாயம். சாப்பாடு பத்தாவிட்டால் தசைக்குப் போகவேண்டிய புரதத்தையே உடம்பு எரித்துவிடும். முதல் வாரம் வயிறு உப்பினால் 20 கிராமாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.