தரங்கம்பாடிக் கல்லை அழித்துவிட்டார்கள்

அப்பாவின் சதாபிஷேகத்துக்காகப் போன தை மாதம் மூன்று வாரம் ஊருக்குப் போய் வந்தேன். விமானம், கார், திருக்கடையூரில் மண்டபம், சமையல், சொந்தக்காரர்களுக்கு ரூம் எல்லாமே ஒழுங்காக நடந்தது, அதைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. எழுத உட்கார்ந்தது ஒரு போட்டோவுக்காக. டென்மார்க் திரும்பி ஒரு மாதம் ஆகிறது, இன்னும் மனசு ஆறவில்லை.

அப்பா தரங்கம்பாடியில் வாத்தியாராக இருந்தவர். வீடு மாயவரத்தில். மாயவரம் – தரங்கம்பாடி ரயில் 1986-இல் நின்றுபோகும் வரைக்கும் அதில்தான் போய் வந்தார், அப்புறம் பஸ். மத்தியானம் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு மாசிலாமணிநாதர் கோயில் பக்கம் கடற்கரையில் உட்கார்ந்து சாப்பிடுவாராம். நாங்கள் சின்ன வயசில் லீவு நாளில் கூடப் போனால் எங்களையும் அங்கேதான் உட்கார வைப்பார். தயிர்சாதத்தில் மணல் விழுந்துவிடும் என்று அம்மா திட்டிக்கொண்டே இருப்பாள். அதனால் அவருக்குப் பரிசு என்று யோசித்தபோது மோதிரமோ வேட்டியோ தோன்றவில்லை. அந்த இடத்தை நல்ல படமாக எடுத்து, 20×30 அங்குலத்தில் பிரிண்ட் போட்டு, பிரேம் செய்து கூடத்தில் மாட்ட வேண்டும் என்று ஆறு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் இருப்பது டென்மார்க்கில், ஹெல்சிங்கோர். க்ரோன்போர்க் கோட்டை இருக்கும் அதே ஊர். 1429-இலிருந்து 1857 வரை ஊருக்கு முன்னால் இருக்கும் நீரிணையைத் தாண்டும் கப்பல்களிடம் டேனிஷ் மன்னர்கள் சுங்கம் வாங்கியது அங்கேதான். எதிர்க்கரையில் சுவீடன், நாலு கிலோமீட்டர்கூட இருக்காது. அந்தக் கோட்டையை வருஷம் முழுக்கப் படம் எடுக்கிறேன். டிசம்பரில் சூரியன் எட்டரைக்கு மேல் எழுந்து நாலு மணிக்குள் போய்விடும், அந்த வெளிச்சத்தில் எதை எடுத்தாலும் ஈயப் பாத்திரம் மாதிரி இருக்கும். அங்கே நிற்கும்போதெல்லாம் தரங்கம்பாடி ஞாபகம் வரும், ஏனென்றால் இரண்டும் ஒரே ராஜாங்கத்துக் கோட்டை. 1620-இல் நான்காம் கிறிஸ்டியன் மன்னரின் ஆட்கள் ஓவே கெடே தலைமையில் வந்து, தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டுத் தரங்கம்பாடியில் கட்டியது டான்ஸ்போர்க் கோட்டை. நாயக்கர் டென்மார்க் மன்னருக்கு அனுப்பிய தங்க ஓலை இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 1845-இல் தரங்கம்பாடியை, வங்காளத்தில் இருந்த செராம்பூரையும் சேர்த்து, பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு இங்கிலீஷ்காரனிடம் விற்றுவிட்டுப் போனார்கள். என் ஆபீசில் இருக்கும் டேனிஷ்காரர்களுக்கு இதில் பாதிகூடத் தெரியாது. நான் சொன்னால் ஆச்சரியமாகக் கேட்பார்கள். எனக்கு அது ஒரு பெருமை.

சரி, படம். விசேஷத்துக்கு நாலு நாள் முன்னால் விடிகாலை நாலரைக்குக் கிளம்பி, ஆறு மணிக்குள் கோட்டைக்கு முன்னால் மணலில் டிரைபாடை நட்டுவிட்டேன். தை மாதப் பனி. ஈர மணலில் டிரைபாட் கால் மெல்ல மெல்ல இறங்கும், ஒவ்வொரு படத்துக்கும் அடிவானம் சாய்ந்துவிட்டதா என்று பார்த்துச் சரிசெய்ய வேண்டும். உப்புத் துளி லென்ஸில் படிந்துகொண்டே இருக்கிறது, துணியால் துடைத்துத் துடைத்தே கை சலித்துவிட்டது. ஆறரைக்குச் சூரியன் வந்தது, ஆனால் முழுசாக இல்லை, மேகத்துக்குப் பின்னால் ஒரு ரோஸ் கோடு மட்டும். கோட்டைச் சுவரில் அந்த வெளிச்சம் பட்டதும் நன்றாகத்தான் இருந்தது, நாற்பது படம் எடுத்தேன். ஆனாலும் எனக்கு வேண்டியது கோயில்.

மாசிலாமணிநாதர் கோயில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது, 1306. கடல் தின்றது போக மிச்சம்தான் நிற்கிறது. மிச்சத்தையும் கடல் கொண்டுபோய்விடக் கூடாது என்று முன்னால் கருங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். பெரிய பெரிய கல், ஒவ்வொன்றும் ஒரு மாட்டு வண்டி அளவு. அலை வந்து மோதும்போது கல்லுக்கு இடையில் தண்ணீர் புகுந்து ‘குபுக்’ என்று மேலே வரும். அதில் பாசி, நண்டு, அறுந்த நைலான் வலைத் துண்டு. அரை மணி நேரம் காத்திருந்து, அலை உள்வாங்கிக் கல்லெல்லாம் நனைந்து பளபளக்கும் ஒரு நொடியில், கால் விநாடி எக்ஸ்போஷரில் ஒரு படம் கிடைத்தது. சாம்பல் வானம், கீழே கறுப்புக் கல், நடுவில் உப்புக் கறையோடு கோயில். பார்த்ததும் தெரிந்துவிட்டது இதுதான் என்று.

புதன்கிழமை காலையில் மாயவரம் கடைத்தெருவில் ஒரு ஸ்டுடியோவில் பென்டிரைவைக் கொடுத்தேன். கடைப் பெயர் வேண்டாம், அவர்கள் நல்லவர்கள். “20×30, மேட் பேப்பர், தேக்குக் கலர் பிரேம், நாளைக்குச் சாயந்திரம் வேணும்” என்றேன். கவுன்டரில் இருந்த பையன் “ஆயிடும் சார்” என்றான். அவ்வளவுதான் பேச்சு. வேறு ஒன்றும் அவன் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. அங்கேதான் தப்பு நடந்தது.

வியாழன் சாயந்திரம் ஆறு மணிக்குப் போனால் பேப்பர் சுற்றிய பிரேமைப் பெருமையாகப் பிரித்துக் காட்டுகிறான். எனக்கு ஒரு நிமிஷம் வேறு யாருடைய படமோ என்று தோன்றியது. வானம் பளீரென்று நீலம், பஞ்சு மாதிரி வெள்ளை மேகம், வலது மூலையில் வரிசையாகப் பறவைகள். கோயில் சுவரில் இருந்த உப்புக் கறை போய்ப் புதுசாகச் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கிறது. கல்? ஒரு கல்கூட இல்லை. அந்த இடம் முழுக்கச் சுத்தமான மணல். கிட்டே போய்ப் பார்த்தேன். மணலில் ஒரு காலடித் தடம், அதே தடம் நாலு இடத்தில், ஒன்றைப் போலவே ஒன்று. கல்லை எடுத்தவன் கல்லின் நிழலை எடுக்க மறந்துவிட்டான். வெறும் மணலில் எதற்கென்றே தெரியாமல் கறுப்பாக ஒரு நிழல் கிடக்கிறது.

“என்னப்பா இது, கல்லெல்லாம் எங்க?”

“அது அசிங்கமா இருந்துச்சு சார், கோயிலை மறைச்சுக்கிட்டு. நானே எடுத்துட்டேன். வானமும் டல்லா இருந்துச்சு, மாத்தி விட்டுட்டேன். அதுக்குத் தனி சார்ஜ் இல்ல சார்.”

கத்திவிட்டேன். கடையில் கல்யாண ஆல்பம் பார்க்க வந்திருந்த ஒரு குடும்பம் திரும்பிப் பார்த்தது. மறுநாள் காலை ஒன்பது மணிக்குச் சடங்கு, கையில் இருப்பது இந்தப் படம். டென்மார்க்கில் இப்படி ஒன்று நடக்கவே நடக்காது. நான் வழக்கமாகப் பிரிண்ட் போடும் இடத்தில் இணையத்தில் படத்தை ஏற்றுவோம், அளவு, பேப்பர் எல்லாம் நாமே தேர்வு செய்வோம், ஆறாவது நாள் கெட்டி அட்டையில் தபாலில் வரும். அனுப்பியது அப்படியே வரும். நம் படத்தில் ஒரு புள்ளியைக்கூடத் தொட மாட்டார்கள், தொட வேண்டுமென்றால் நாம் கேட்க வேண்டும். வாடிக்கையாளர் கொடுத்த படத்தில் கை வைப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்பது என்ன பெரிய விஷயமா? கல்யாண போட்டோவில் பரு எடுப்பதும் பின்னணியில் மின்கம்பத்தை எடுப்பதும் வழக்கம் என்பதால் எல்லாப் படத்துக்கும் அதே வைத்தியமா? இது எனக்கு மட்டும் நடந்ததில்லை. தங்கச்சி வீட்டில் பூம்புகார் கடற்கரையில் எடுத்த குடும்பப் படத்திலும் கடல் நீலப் பெயின்ட் மாதிரிதான் இருக்கிறது. கடல் எந்த நாளில் எந்த நிறத்தில் இருந்தது என்பதே ஊரில் யாருடைய படத்திலும் மிஞ்சாது போலிருக்கிறது.

நான் கத்திக்கொண்டிருக்கும்போதே முதலாளி வந்துவிட்டார். எழுபது வயசு இருக்கும். என்ன ஏது என்று கேட்டார், படத்தைப் பார்த்தார், கம்ப்யூட்டரில் நான் கொடுத்த அசல் படத்தைத் திறக்கச் சொன்னார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “உட்காருங்க தம்பி, டீ சாப்பிடுங்க” என்றார். எனக்கு டீ வேண்டியதில்லை, படம்தான் வேண்டும் என்றேன். “படம் வரும், டீ குடிங்க” என்றார்.

அப்புறம் அந்தப் பையனைக் கூப்பிட்டு உட்கார வைத்து அவரே சொன்னார், அந்தக் கல் ஏன் அங்கே இருக்கிறது என்று. கடற்கரை முன்னே எங்கே இருந்தது, எப்படி உள்ளே வந்துகொண்டே இருந்தது, சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கேமராவோடு தரங்கம்பாடி போய், ஒரு படம்கூட எடுக்க மனசு வராமல் திரும்பியது வரைக்கும். பையனுக்கு இருபத்திரண்டு வயசு. 2004-இல் கைக்குழந்தை. மாயவரத்திலேயே பிறந்து வளர்ந்தவன், முப்பது கிலோமீட்டரில் இருக்கும் தரங்கம்பாடிக்குப் பள்ளிக்கூட டூர் ஒரு தடவை போனதோடு சரி. கோட்டை மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது என்றான். அவன் முகத்தைப் பார்த்ததும் என் கோபத்தில் பாதி இறங்கிவிட்டது. கல் எதற்கு என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை. தெரியாதவனுக்கு அது குப்பைதான்.

இவ்வளவு பெரிய பிரிண்ட் அவர்கள் கடையில் போடுவதில்லை, கும்பகோணத்தில் ஒரு லேபுக்குப் போகும். அது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. முதலாளி லேபுக்குப் போன் போட்டார். மிஷின் நிறுத்துகிற நேரம் என்றார்கள் போல, “எனக்காக ஒண்ணே ஒண்ணு” என்று கெஞ்சினார். படத்தை அனுப்புவதற்கு முன்னால் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, “வெளிச்சம் இவ்வளவு போதுமா, கல்லு இன்னும் கறுப்பா வேணுமா” என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கல்லின் ஈரத்தைக் காட்டி, “காலையிலயே நின்னு எடுத்திருக்கீங்க” என்றார். ஹெல்சிங்கோரில் எட்டு வருஷமாக பிரிண்ட் போடுகிறேன், என் படத்தைப் பார்த்து ஒரு மனுஷன் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒரு தடவை பச்சை ஏறி வந்தபோது மெயில் போட்டேன், மூன்று நாள் கழித்து மன்னிப்போடு பதில் வந்தது, புதுசும் வந்தது. யார் அனுப்பினார், யார் பார்த்தார், ஒன்றும் தெரியாது. இங்கே ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் கடையை அடைக்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார் ஒரு பெரியவர்.

பிரிண்ட் விடிகாலை பஸ்ஸில் டிரைவரிடம் கொடுத்தனுப்பி வந்திருக்கிறது. பிரேம் மாற்றி, பழைய பெட்ஷீட்டில் சுற்றி, அந்தப் பையனே பைக்கில் இருபது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக்கொண்டு திருக்கடையூர் மண்டபத்துக்கு வந்துவிட்டான். எட்டே முக்கால். கலசாபிஷேகம் தொடங்கப் போகிறது. கூடுதல் பிரிண்டுக்குக் காசு எடுத்து நீட்டினேன், “பெரியவர் வாங்கக் கூடாதுன்னு சொல்லிட்டார் சார்” என்றான். பந்தியில் உட்கார வைத்துச் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினேன். சாப்பிட்டுவிட்டு நேராகத் தரங்கம்பாடி போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புகிறேன் என்றான், அங்கிருந்து எட்டு கிலோமீட்டர்தானே.

ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஸ்டுடியோவில் படம் கொடுத்தால் வாயால் சொன்னால் போதாது, பில்லிலேயே ‘கரெக்‌ஷன் வேண்டாம், கலர் மாற்ற வேண்டாம்’ என்று எழுதச் சொல்லுங்கள். பெரிய பிரிண்ட் என்றால் வெளியூர் லேபுக்குப் போகுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் 4×6-இல் ஒன்று போட்டுப் பாருங்கள், அதற்கு ஆகும் காசு ஒன்றுமே இல்லை.

படத்தை அப்பாவிடம் மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் கொடுக்க முடிந்தது. மாலையும் சந்தனமுமாகக் களைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். பெட்ஷீட்டைப் பிரித்ததும் கண்ணாடியை எடுத்துவரச் சொன்னார். ரொம்ப நேரம் பார்த்தார். கோயிலைத் தொட்டார், அப்புறம் கல்லின் மேல் விரலை வைத்து மெதுவாக நகர்த்தி, கல்லைத் தாண்டி, அலையைத் தாண்டி, தண்ணீருக்கு நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தினார்.

“இங்கதாண்டா உட்கார்ந்து சாப்பிடுவோம்” என்றார். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, இல்லை, இன்னும் கொஞ்சம் தள்ளி என்றாள்.