வடமோடி ஆட்டம் அருமை, ஒலியமைப்புத்தான் சரியில்லை

மட்டக்களப்புக் கூத்து மரபுகளில் ஒன்றான, விடிய விடிய ஆடும் வடமோடிக் கூத்தை ஒன்றரை மணித்தியாலத்துக்குள் அடக்கி, மட்டக்களப்பு நகரில் மேடையேற்றியிருக்கிறது ஒரு கிராமத்துக் கூத்துக்குழு. ஆட்டத்தில் குறை சொல்ல இடமே இல்லை. அரசன் வரவில் தாளம் வேகமெடுக்கும் இடத்தில் கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரின் மத்தளமும் ஆட்டக்காரரின் காலும் ஓர் அடிகூடப் பிசகவில்லை. கூடை கவிழ்த்ததுபோல் விரிந்து நிற்கும் கரப்புடுப்போடு அந்த வேகத்தில் சுழன்றுகொண்டே பாடுவதற்கு நல்ல மூச்சுப் பயிற்சி வேண்டும்.

கெடுத்தது மைக். மேடையின் முன்விளிம்பில் இரண்டை மட்டும் வைத்திருந்தார்கள். சுற்றிவரச் சனம் இருந்து பார்க்கும் வட்டக்களரிக்கென்று அமைந்த ஆட்டம் இது. கூத்தர் திரும்பும்போதெல்லாம் பாதிப் பாட்டு பின்திரைக்குப் போய்விடுகிறது. கூத்தர் பாடியதைத் திருப்பிப் பாடும் பிற்பாட்டுக்காரரின் மைக் மத்தளத்துக்குப் பக்கத்திலேயே இருந்ததால் அவர்கள் பாடிய சொல்லும் விளங்கவில்லை. மேலே இரண்டு மைக் தொங்கவிட்டு, பிற்பாட்டுக்காரரைத் தள்ளி இருத்தி, மத்தளத்தை மைக்கில்லாமல் விட்டாலே போதும். கம்பளத்தையும் சுருட்டிவிடுங்கள், சதங்கை ஒலியை அது விழுங்கிவிடுகிறது.

கட்டியகாரன் வரவைச் சுருக்கியது பெரிய இழப்பு. அரசன் வருவதைச் சபைக்கு அறிவிப்பவன் அவன்தானே!

பார்க்கப் போகிறவர்கள் நடுவரிசையில் இருங்கள். முன்வரிசையில் கால் ஆட்டம் மறைந்துவிடும்.