மோரிஸ் மைனர் டேஷ்போர்டுக்குக் கீழே தொங்கும் வயர்கள்: மூன்று கருவிகளின் நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

என்னிடம் இருப்பது 1098 சிசி இயந்திரம் கொண்ட மோரிஸ் மைனர் 1000. மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர் தோட்டமொன்றில் பெரிய கிராணியாராக (தலைமை எழுத்தராக) இருந்தவரின் குடும்பத்திடமிருந்து வாங்கியது. ஐம்பது ஆண்டுகளைத் தாண்டிய இந்த வண்டியில் வானொலி, அலாரம், மின்விசிறி என்று காலத்துக்குக் காலம் எதையெதையோ பொருத்திக் கழற்றியிருக்கிறார்கள். பொருள்கள் போய்விட்டன, அவற்றின் வயர்கள் டேஷ்போர்டுக்குக் கீழே தங்கிவிட்டன. தொழிற்சாலையில் போட்ட வயர்களிலும் சில இணைப்பிலிருந்து நழுவி அந்தக் கூட்டத்தோடு தொங்குவதால், எது வேண்டியது, எது வேண்டாதது என்று பிரித்தறிவதே பெரிய வேலையாகிவிடுகிறது. இதற்காக வாங்கிய சோதனை விளக்கு, டிஜிட்டல் மல்டிமீட்டர், வயர் தேடும் ஒலிக்கருவி ஆகிய மூன்றையும் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். அவற்றுள் விலை குறைந்த சோதனை விளக்குதான் எனக்கு அதிகம் உழைத்தது.

மைனரில் பேட்டரியின் நேர்முனைதான் பாடியோடு இணைந்திருக்கிறது. இன்றைய கார்களில் எதிர்முனை எர்த்தாக இருப்பதால், கடைகளில் கிடைக்கும் எல்இடி பொருத்திய சோதனைப் பேனாக்கள் பலவும் அந்த அமைப்பை எண்ணியே செய்யப்பட்டவை. வழக்கம்போல் கவ்வியைப் பாடியில் மாட்டி இந்த வண்டியில் சோதித்தால், மின்சாரம் ஓடும் வயரைத் தொட்டாலும் அவை எரியாமல் இருக்கக்கூடும். எரியாததைப் பார்த்து வயரில் மின்சாரம் இல்லை என்று முடிவு செய்வது ஆபத்தானது. இழை பல்பு கொண்ட பழைய வகைச் சோதனை விளக்குக்கு நேர்முனை, எதிர்முனை வேறுபாடு கிடையாது. மல்டிமீட்டரிலும் சிவப்பு முனையைப் பாடியில் வைத்தால் சரியாகக் காட்டும். மாற்றி வைத்தால் எண்ணுக்கு முன் கழித்தல் குறி வருவதைத் தவிரக் கெடுதல் ஒன்றுமில்லை.

சோதனை விளக்கை நான் மேலாக மதிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மல்டிமீட்டர் மிக மிகக் குறைந்த மின்னோட்டத்தை மட்டுமே இழுக்கிறது. எனவே பச்சை பூத்து, ஓரிரு இழைகளில் ஒட்டிக்கொண்டிருக்கும் வயரிலும் அது 12 வோல்ட் என்று காட்டிவிடும். அதே வயரில் 5 வாட் பல்பை வைத்தால் மங்கலாக எரியும், அல்லது எரியவே எரியாது. முன்விளக்கு வயரைச் சோதிக்கும்போது 21 வாட் பல்பைப் பயன்படுத்துகிறேன், ஏறத்தாழ 1.75 ஆம்பியர் இழுப்பதால், வயர் உண்மையில் சுமை தாங்குமா என்பது உடனே தெரிந்துவிடுகிறது. வீட்டில் இருக்கும் புதிய காரில், குறிப்பாக ஏர்பேக் வயர்களில், இந்த விளக்கை வைக்கவே கூடாது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

தோட்டத்து லோரிகளுக்கு வயரிங் செய்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் சொல்லிக்கொடுத்த முறை, எல்லாச் சோதனைக்கும் முன் செய்ய வேண்டியது. பேட்டரியின் எர்த் வயரைக் கழற்றி, தொங்கும் முனைகள் ஒவ்வொன்றிலும் சிறு உறையை மாட்டிய பிறகு, கழற்றிய வயருக்கும் பேட்டரி முனைக்கும் இடையில் 21 வாட் பல்பு ஒன்றைத் தொடராக இணைக்க வேண்டும். எல்லாச் சுவிட்சுகளும் அணைந்திருக்கும்போது அது பளிச்சென்று எரிந்தால், எங்கோ ஒரு வயர் பாடியில் உரசுகிறது என்று பொருள். பல்பு எரியுமே தவிர வயர்க்கட்டு எரியாது. ஃபியூஸ் பெட்டியில் இரண்டே ஃபியூஸ்களும், முன்விளக்குகளுக்கு ஒன்றுமே இல்லாத நிலையும் உள்ள வண்டிக்கு இதைவிட மலிவான காப்பு எனக்குத் தெரியவில்லை.

அடையாளம் காண்பதில் பாதி வேலையை நிறமே முடித்துவிடும். பிரிட்டிஷ் கார்களுக்கு மின்கருவிகள் செய்த லூக்காஸ் நிறுவனத்தின் நிறமுறையில் பழுப்பு, ஃபியூஸ் இல்லாமல் பேட்டரியிலிருந்து வருவது. சாவி இல்லாமலே எப்போதும் மின்சாரம் உள்ளது. ஊதாவிலும் எப்போதும் மின்சாரம் உண்டு, ஆனால் ஃபியூஸ் வழியாக வருகிறது. ஹாரனும் உள்விளக்கும் இதைச் சேர்ந்தவை. வெள்ளை, சாவியைத் திருப்பிய பின் ஃபியூஸ் இல்லாமல் வருவது. பச்சை, சாவிக்குப் பின் ஃபியூஸ் வழியாக வருவது. சிவப்பு பக்க விளக்குக்கும் பின்விளக்குக்கும், நீலம் முன்விளக்குக்கும், கறுப்பு எர்த்துக்கும் உரியவை. பச்சையில் சிவப்புக் கோடு இருந்தால் இடது சிக்னல், வெள்ளைக் கோடு இருந்தால் வலது சிக்னல், ஊதாக் கோடு இருந்தால் பிரேக் விளக்கு. என் வண்டியில் தனியாகத் தொங்கிய பச்சை வயர் ஒன்று நெடுநாள் குழப்பியது. வயரிங் படத்தைப் பார்த்தபோதுதான் அது ஹீட்டர் பொருத்தினால் இணைப்பதற்காக விடப்பட்டது என்று புரிந்தது. சுங்கை சிப்புட் வெயிலில் அதை யார் கேட்டிருப்பார்கள்!

இந்த வெப்பத்திலும் ஈரத்திலும் சிவப்பு பழுப்பாகத் தெரியும், வெள்ளை மஞ்சளாகிவிடும். வயர்க்கட்டின் மேல்நாடாவை ஓர் அங்குலம் பிரித்தால், வெளிச்சம் படாத இடத்தில் பழைய நிறம் அப்படியே இருக்கும். அதுவும் உதவாதபோது செப்பு இழைகளை எண்ணுகிறேன். அக்காலத்து விளக்கு வயர்களில் பொதுவாக 14 இழைகளும், முக்கிய வயர்களில் 28 அல்லது 44 இழைகளும் இருக்கும். மயிர்போல் மெல்லிய இழைகள் நிறைய இருந்தால் அது பின்னால் வந்த வானொலிக்காரரின் கைவேலை. நம் ஊர்ப் பக்கத்துப் பட்டறைகளில் ஒரு காலத்தில் கையில் கிடைத்த சிவப்பு வயரையே எல்லாவற்றுக்கும் போட்டிருக்கிறார்கள் என்பதால், நிறத்தை மட்டும் நம்பி எதையும் இணைப்பதில்லை.

எந்தச் சுவிட்சுக்கும் மின்சாரம் வராத வயர்களில்தான் மல்டிமீட்டர் தன் திறமையைக் காட்டுகிறது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, வயருக்கும் பாடிக்கும் இடையிலுள்ள மின்தடையை அளக்கிறேன். சில ஓம்கள் காட்டினால் மறுமுனையில் பல்பு இருக்கலாம். பல்பைக் கழற்றியதும் தொடர்பு அறுந்தால் சந்தேகம் தீர்ந்தது. பழுப்புக் கோடு போட்ட வெள்ளை வயர் எண்ணெய் அழுத்த விளக்குக்கு உரியது. இயந்திரம் நின்றிருக்கும்போது பாடியோடு தொடர்பு காட்டும், ஓடும்போது துண்டித்துக்கொள்ளும். அதைக் கண்டுபிடித்தபோது மனத்துக்கு மிகவும் நிறைவாக இருந்தது. டேஷ்போர்டில் உள்ள மானியின் எர்த்தான கறுப்பு வயர் நழுவியிருந்தாலோ, ஒரு விளக்கைப் போட்டால் சம்பந்தமில்லாத இன்னொன்று மங்கலாக எரியும். இப்படி விநோதமாக ஏதாவது நடந்தால் முதலில் கறுப்பைத்தான் தேட வேண்டும்.

வயரின் ஒரு முனையில் ஒலிக்குறியைச் செலுத்தி, அது கேட்கும் இடத்தை வைத்து வயரைத் தேட உதவும் ஒலிக்கருவியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நெருக்கமாகக் கட்டிய வயர்க்கட்டில் ஒலி பக்கத்து வயர்களிலும் கேட்கும். பழைய அலாரத்தின் தனி வயரைத் தேடியபோது மட்டும் காசுக்கு உழைத்தது.

பெயர் எழுதி ஒட்டிய காகித நாடாக்கள் ஈரத்தில் உதிர்ந்துவிட்டன. பிவிசி நாடாவின் பசை வெயிலில் உருகி வழிந்தது. சிறு தாளில் எழுதி, ஒளி ஊடுருவும் சுருங்கு குழாய்க்குள் வைத்துச் சூடாக்கியவை மட்டுமே இன்றும் படிக்கும் நிலையில் இருக்கின்றன. அடையாளம் தெரிந்த மூல வயர்களைப் பழைய இணைப்பிலேயே திணிக்காமல், முனையைச் சுத்தம் செய்து, உள்ளே தளர்ந்துபோன இணைப்பு உறையைப் புதிதாக மாற்றியே பூட்டுகிறேன். பிற்காலத்து வயர்களை இரு முனைகளையும் கண்டபின் முழுவதுமாக உருவி எடுத்துவிடுகிறேன். ஒரு முனை மட்டுமே தெரிந்தவை உறை மாட்டி, குறிப்பு எழுதி, அப்படியே கட்டி வைக்கப்பட்டிருக்கின்றன.