கேட்டால் தருவதா, முதலிலேயே செய்து வைப்பதா?

சமூகப்பணி முதுகலை வகுப்பில் பார்வையற்ற மாணவி ஒருவர் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியருக்கு முன்னால் இரண்டு வழிகள்.

ஒன்று, கேட்பவருக்குக் கொடுப்பது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் 5 சதவீதத்துக்குக் குறையாமல் இடம் ஒதுக்கச் சொல்கிறது. தேர்வில் சொல்வதை எழுத ஆள் உண்டு, மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும் உண்டு. இவை உரிமைகள். ஆனால் சான்றிதழோடு ஒவ்வொரு ஆசிரியரிடமும் போய் நிற்க வேண்டும். மனநலச் சிக்கலை வெளியே சொல்லாமல் படிப்பவர் கேட்கவே மாட்டார்.

இன்னொன்று, பாடம் தயாரிக்கும்போதே எல்லோரையும் நினைப்பது. புத்தகப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் திரையில் உள்ள எழுத்தைப் படித்துச் சொல்லும் ‘திரை வாசிப்பான்’ மென்பொருள் பெரும்பாலும் ‘படம்’ என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். அதையே தட்டச்சு செய்த கோப்பாக முந்தைய நாளே அனுப்பிப் பாருங்கள். அந்த மாணவி அதைக் காதால் கேட்டுவிட்டு வருவார். தமிழ்வழியில் படித்து, ஆங்கிலக் கலைச்சொற்களில் தடுமாறுபவரும் பேருந்திலேயே ஒருமுறை பார்த்துவிட்டு வருவார். களப்பணி அறிக்கையைத் தமிழிலும் எழுதலாம், பேசியும் பதிவு செய்யலாம் என்றால் இன்னும் நல்லது. குடியிருப்பில் ஓர் அம்மா ‘வீட்டுல உலை வைக்கல’ என்று சொன்னது, ‘வறுமை’ என்று சுருங்காமல் அப்படியே வகுப்புக்கு வந்து சேரும்.

என் ஓட்டு இரண்டாவதுக்குத்தான். முதல் பருவத்தில் வேலை கூடும், சரி. அப்புறம் அதே கோப்பு அடுத்த ஆண்டும் உதவும். சைகைமொழி பெயர்ப்பாளர் போன்ற தேவைகளுக்கு மட்டும் முதல் வழியும் கூடவே இருக்க வேண்டும்.