பச்சைக் கோட்டை நம்பி எழுந்துவிடாதீர்கள்

கையில் பட்டை சுற்றும் டிஜிட்டல் பிபி மெஷின், அப்பாவுக்காக வாங்கியது. எழுத்து பெரிது, ஒரே பட்டன், யார் உதவியும் இல்லாமல் அவரே போட்டுக்கொள்கிறார். பழைய அளவுகள் தேதி, நேரத்தோடு மெமரியில் இருக்கின்றன. இதிலெல்லாம் குறை சொல்ல முடியாது.

குறை, திரையின் ஓரத்தில் இருக்கும் வண்ணக் கோட்டில். பிபி ஏறினால் மஞ்சள், ரொம்ப ஏறினால் சிவப்பு. இறங்கினால்? 86/54 காட்டியபோதும் பச்சைதான்! அப்பா “பச்சைதானே, சரியா இருக்கு” என்று சட்டென எழுந்தார். இரண்டு எட்டு வைப்பதற்குள் கண் இருட்டிக்கொண்டு வர, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். 90/60க்குக் கீழே போனால் லோ பிபி என்பார்கள். அந்த அளவிலும் எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருப்பவர்கள் உண்டு. அவர்கள் பயப்பட வேண்டியதில்லை. தலைசுற்றல், பார்வை மங்கல், குமட்டல், மயக்கம் என்று வருகிறவருக்குப் பச்சை காட்டுவது என்ன நியாயம்? ஹை பிபிக்காரர்களை மட்டும் மனதில் வைத்துச் செய்த மெஷின் இது.

பெட்டியோடு வரும் பட்டை 22 முதல் 32 செ.மீ. சுற்றளவுக்கு. அப்பாவின் கை 20தான். கைக்குப் பெரிய பட்டை, இருப்பதைவிடக் குறைத்துக் காட்டும். சின்னப் பட்டையைத் தனியாக வாங்கினோம். அதன் பிறகும் அளவு குறைவாகத்தான் வந்தது என்பது வேறு விஷயம்.

மெஷின் உண்மையில் கைகொடுத்தது வேறு இடத்தில். டாக்டர் சொன்னபடி 5 நிமிடம் படுக்கவைத்து ஒருமுறை, எழுந்து நின்ற 1ஆவது, 3ஆவது நிமிடங்களில் மறுபடியும் எடுத்தோம். படுத்திருக்கையில் 118, நின்றதும் 92. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினாலே கவனிக்க வேண்டுமாம். வயதானவர்கள் விழுந்து எலும்பை முறித்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம். மெமரியைப் பார்த்துவிட்டு டாக்டர் பிபி மாத்திரையின் அளவைக் குறைத்தார். நாமாக நிறுத்தியிருந்தால் வேறு வம்பு வந்திருக்கும்.

அப்புறம், உடம்பு சில்லிட்டு வியர்த்து, மூச்சு வாங்கி, பேச்சு குழம்பினால் மெஷினைத் தேடிக்கொண்டிருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

ஐந்துக்கு மூன்றரை ஸ்டார். சின்னப் பட்டையையும் பெட்டியிலேயே வைத்திருந்தால் நாலு கொடுத்திருப்பேன்.